தைத்த படமும் சத்தியமும்

உயர்ந்ததோர் இடத்தில் நின்று நாற்புறமும் நோக்குங்கால் நாம் காணும் காட்சியைக் கையடக்கமான டிஜிட்டல் காமிரா முழுதும் கொள்வதில்லை. கண் தலையோடு திரும்புகின்றது. கண்டவற்றையெல்லாம் மனம் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுகின்றது. காமிராவோ தன் சிறு சாளரத்தின் வழியே ஒரு துண்டை மாத்திரம் கவர்ந்து, மற்றவற்றை விட்டுவிடுகின்றது. இக்குறையை நீக்கும்பொருட்டு, நின்ற இடத்தினின்றே வரிசையாகப் பல படங்கள் எடுத்து, கணினியின் உதவியால் அவற்றின் ஓரங்களைப் பொருத்தி, ஒரே நெடும்படமாகத் தைத்துக்கொள்ளும் முறை இந்நாளில் எளிதாகியிருக்கின்றது. இத்தகைய படத்தைப் பனோரமா என்பர். எல்லாம், காட்சி என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களாலாகிய இப்பெயர், இராபர்ட் பார்க்கர் என்னும் ஓவியர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் காட்டிய வட்டவடிவமான பெருஞ்சித்திரங்களுக்கு முதலில் வழங்கியது.

கைப்பேசியை ஒருமுறை இடமிருந்து வலமாகத் திருப்பினால் இக்காரியம் நொடியில் முடியுமே, காமிராவைக் கொண்டு பிரயாசைப்படுவானேன் என்று மாணாக்கர் சிலர் வினவுகின்றனர். என் விடை இது: தைத்த படம் ஒரு சாட்சி. சாட்சி மெய்யாயிருக்கவேண்டுமாயின், தைத்தவன் தன் தையலை அறிந்திருக்கவேண்டும். அதனை மறைத்தலும் ஆகாது. கைப்பேசி பெரும்பாலும் முடிந்த படத்தை மாத்திரம் நமக்குத் தந்து, துண்டுகளை எறிந்துவிடுகின்றது. காமிராவால் எடுத்தவனிடத்திலோ துண்டுகள் யாவும் உள்ளன. இவ்வேற்றுமை சிறிதன்று.

இதற்குச் சான்றாக அமெரிக்காவிலுள்ள சான் பிரான்சிஸ்கோ நகரத்துப் படமொன்றைக் கூறலாம். 1878ஆம் ஆண்டில் எட்வர்ட் மைப்ரிட்ஜ் என்பவர், குன்றின்மேல் அமைந்த மார்க் ஹாப்கின்ஸ் மாளிகையின் கோபுரத்தில் நின்று, 13 கண்ணாடித் தட்டுகளில் அந்நகரை வட்டமாகப் படம் பிடித்தார். அச்சிட்டுச் சேர்த்தபோது அது 17 அடி நீளமுடையதாயிற்று. அக்காலத்து ஈரத்தட்டு முறையில், ஒவ்வொரு தட்டுக்கும் மருந்து பூசி, அது உலருமுன் படமெடுத்து, உடனே உருத்துலக்கவும் வேண்டும். ஆதலின் வேலை மெதுவாகவே நடந்தது. நிழல்களோ நின்றபடி நிற்கவில்லை. ஒரு தட்டின் நிழல்கள் அடுத்தவற்றோடு ஒவ்வாமையால், அது வேறு நேரத்தில் எடுக்கப்பட்டதென்று ஆராய்ந்தோர் கூறுகின்றனர். 1906ஆம் ஆண்டு நேர்ந்த நிலநடுக்கத்தாலும் தீயாலும் அந்நகரின் பெரும்பகுதி அழிந்தது. அவர் நின்ற மாளிகையும் எரிந்தது. இன்று அழிந்த நகருக்கு அப்படம் ஒரு சிறந்த சாட்சி. ஓரங்கள் மறைக்கப்படாமையாலன்றோ நேரம் மாறியதையும் நாம் அறிகின்றோம்! தையல் தெரிவது அதற்கு இழுக்கன்று. அதனை நம்புதற்கு ஆதாரமாகும்.

நிற்க. நன்றாக எடுக்கப்பட்ட படத்தில் பின்னர் மறைக்கவேண்டியதும் குறைவாகவே இருக்கும். ஆதலின் எடுக்கும் முறையைச் சிறிது கூறுவேன். முதலாவது, காமிராவை நெட்டாகப் பிடித்தல் நன்று; மேலும் கீழும் இடம் மிகுதியாகக் கிடைக்கும். 35 மில்லிமீட்டருக்கு ஒத்த லென்ஸ், அங்ஙனம் பிடித்தபோது, ஏறக்குறைய 38 பாகை அகலத்தைக் காணும். ஒவ்வொரு படமும் முந்தியதில் மூன்றிலொரு பங்கைத் திரும்பவும் கொள்ளவேண்டும். ஆகவே படத்துக்குப் படம் 25 பாகை திரும்பினால், அரைவட்டத்துக்கு 7 படங்களும், முழுவட்டத்துக்கு 15 படங்களும் போதியவை. இரண்டாவது, ஒளியளவையும் நிறச்சமனையும் குவியத்தையும் முதற் படத்திலேயே நிலைப்படுத்திவிடவேண்டும். இன்றேல் காமிரா துண்டுக்குத் துண்டு ஒளியை வெவ்வேறாக அளந்து, வானத்தைப் பட்டை பட்டையாக்கிவிடும். மூன்றாவது, காமிராவைக் கைநீட்டிப் பிடித்து உடம்போடு சுழலாமல், லென்ஸை அதன் இடத்திலேயே வைத்துத் திருப்பவேண்டும். கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் மாறிமாறி நோக்குக. பின்னுள்ள சுவரின்மேல் விரல் இடம் பெயர்வதாகத் தோன்றும். லென்ஸ் பெயர்ந்தால் அருகிலுள்ள தூணுக்கும் தூரத்திலுள்ள மரத்துக்கும் இதே பிணக்கு நேரிடும். மலைகளைத் தூரத்தே எடுப்போர்க்கு இது பெரிதன்று. தாழ்வாரத்தில் நின்று எடுப்போர்க்கோ இதுவே முதற் பகை.

எடுத்தபின் சேர்ப்பது கணினியின் வேலை. இரு படங்களிலும் பொதுவாயுள்ள புள்ளிகளைத் தேடி அது பொருத்துகின்றது. வரிசை கலைந்து கிடக்கும் படக்குவியலிலிருந்தும் கணினி தானே இணைவனவற்றைக் கண்டு சேர்க்கக்கூடுமென்று, மாத்யூ பிரவுன், டேவிட் லோ என்னும் இருவர் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியிற் காட்டினர். எனினும் அசையும் பொருள்கள் கணினியையும் மயக்கும். நடந்து செல்பவர் ஒருவர் இரண்டிடங்களிற் காணப்படலாம். தையலில் அகப்பட்டுப் பாதி மனிதராகவும் ஆகலாம். இது புதிதன்று. 1904ஆம் ஆண்டில் உரிமைப்பதிவு பெற்ற சர்க்கட் என்னும் சுழலும் காமிராவினால் பாடசாலைகளில் நெடிய குழுப்படம் எடுத்த காலத்தில், குறும்பான பிள்ளை ஒருவன் பின்புறமாக ஓடி, படத்தின் இருகோடியிலும் சிரித்து நிற்பதுண்டு.

என் அனுபவம் ஒன்றையும் ஈண்டு ஒப்புக்கொள்ளுகின்றேன். ஒருநாட் காலையில் கல்லூரி முற்றத்தை 7 துண்டுகளாக எடுத்துத் தைத்தேன். தோட்டக்காரர் இரண்டிடங்களில் தோன்றினார்: ஓரிடத்தில் குனிந்து பாத்தி கட்டிக்கொண்டிருந்தார், மற்றோரிடத்தில் வெறுங்கையாய் நடந்துகொண்டிருந்தார். ஒருவர் இருவராயிருத்தல் தகாதென்று கருதி, தையலுக்கு வசதியாயிருந்தபடியால் குனிந்த உருவை அழித்துவிட்டேன். படம் பலராலும் புகழப்பட்டது. ஒரு பிரதியை அவரிடம் கொடுத்தபோது நெடுநேரம் பார்த்திருந்து, “ஐயா, நான் பாத்தி கட்டின இடத்தில் என்னைக் காணோமே” என்றார். அவருடைய உழைப்பை அழித்து, நடையை மாத்திரம் வைத்திருந்தேன். மறுமொழி கூற என்னால் இயலவில்லை.

ஓவியன் வேண்டியதை வைத்து வேண்டாததை விடுகின்றானே, நிழற்படக்காரனுக்கு அவ்வுரிமை இல்லையோ என்பார் உளர். உண்டு, ஆனால் ஓவியத்தைக் காண்போர் அதனை ஓவியமென்றே அறிந்து காண்கின்றனர். நிழற்படத்தைக் காண்போரோ, இஃது இங்ஙனமே இருந்தது என்று நம்புகின்றனர். அந்நம்பிக்கையைப் பெற்றுக்கொண்டு அதற்கு விரோதமாய் நடப்பது நியாயமன்று.

ஆதலின் நம் கல்லூரியில் இக்கலையைப் பயிலுவோர்க்கு இரண்டு விதிகளைக் கூறத் துணிகின்றேன். தைத்த படத்தோடு துண்டுகள் யாவற்றையும் பாதுகாத்து வைக்கவேண்டும். படத்தின் கீழே நாளையும், தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும், துண்டுகளின் தொகையையும், அழித்தது ஏதேனும் உண்டாயின் அதனையும் எழுதவேண்டும். இதற்கு இரண்டு வரி போதும். தையலில்லாத அங்கியைப் பற்றி வேதத்தில் வாசிக்கின்றோம். நாம் செய்வதோ தைத்த ஆடை. தைத்ததைத் தைத்ததென்று சொல்லுவதில் வெட்கமில்லை. ஐம்பது ஆண்டு கழித்து இம்முற்றத்தை நம் படத்திற் காணப்போகிறவர்கள், பாத்தி கட்டினவரையும் அங்கே காணட்டும்.