வினவல் கசியும் வழி
வங்கியின் இணையப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் வழிகாட்டியே டிஎன்எஸ். அந்த வினவல் வழக்கமாக 53ஆம் போர்ட் வழியே மறைகுறியாக்கமின்றிச் செல்கிறது. கடவுச்சொல் வெளிப்படாது, ஆனால் எந்த வங்கியை நாடுகிறோம் என்பது இடையிலுள்ளோர்க்குத் தெரியும்.

ரூட்டரில் மறைகுறியாக்கிய டிஎன்எஸ் சேவையை அமைத்தால் போதும் என்று எண்ணுதல் தவறு. தொலைக்காட்சியோ கைப்பேசியோ வேறொரு டிஎன்எஸ் முகவரியைத் தன்னுள் வைத்திருந்தால் வினவல் கசியும். ஆகவே 53ஆம் போர்ட்டை நாடி வெளியேறுபவற்றை, ஐபிவி6 உட்பட, ஃபயர்வால் விதியால் தடுத்தல் வேண்டும். ரூட்டருடன் வந்த கடவுச்சொல்லையும் மாற்றுதல் வேண்டும்.

வங்கிகள் '.பேங்க்.இன்' முகவரிக்கு மாற வேண்டுமென ரிசர்வ் வங்கி 2025இல் பணித்தது நன்று. பெயரைக் காப்பது வங்கியின் கடமை. அதனைத் தேடிச் செல்லும் வழியை வீட்டில் காப்பது நம் கடமை.