பணம் இருந்தால்தான் பணம் கேட்கலாமா?

2010 ஜனவரி 26 அன்று அந்தமானின் போவா மூதாட்டி மறைந்தார். அகா-போ மொழி பேச எவருமில்லை. லண்டன் நல்கையுடன் அன்விதா அப்பி அவர் குரலைப் பதிவுசெய்திருந்தார். போற்றத்தக்க பணி. ஆனால் நல்கைகள் ஆய்வாளரைத் தேடி வருகின்றன, சமூகத்தின் சங்கத்தை அல்ல.

மைசூரு இந்திய மொழிகள் நடுவண் நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டுத் திட்டம் கேட்பது அகராதியும் இலக்கணமும். வெளிநாட்டு நிதிக்குப் பதிவுபெற, 3 ஆண்டுகளில் 15 லட்சம் ரூபாயாவது செலவிட்டிருக்க வேண்டும் என்கிறது 2020 விதித்திருத்தம். பெற்ற நிதியைச் சிறு சங்கங்களுக்குப் பகிர்வதையும் அவ்வாண்டுச் சட்டத்திருத்தம் தடைசெய்தது. கார் நிக்கோபாரில் இளைஞர் சிலர் தொடங்கும் மொழிச் சங்கம் எந்தக் கதவைத் தட்டும்?

மொழியியல் துறைகள் தம் உள்நாட்டு நல்கை விண்ணப்பங்களில் சங்கத்தின் வாடகையையும் கணக்கர் ஊதியத்தையும் செலவினமாகச் சேர்க்கட்டும். அகராதி சொற்களைக் காக்கும். பேசுவோரைக் காப்பது சங்கமே.