வாரச் சம்பளத்துக்கு முழு சிலிண்டர்

'கேஸ்ல ஆக்குன சோறு வாயு பிடிக்கும்' என்ற பேச்சு கரிசல் கிராமங்களில் இன்னும் ஓயவில்லை. குழம்புக்கு விறகடுப்பு ருசி வராது என்பவர்களும் உண்டு. இதைக் கேட்டதும் விழிப்புணர்வு முகாம் போடக் கிளம்பிவிடுகிறார்கள் அதிகாரிகள். விருதுநகர் மாவட்டத்தில் விறகு எரியக் காரணம் அறியாமை அல்ல, கணக்கு.

கணக்கின் ஒரு பக்கம் சீமைக் கருவேலம். விறகுத் தேவைக்காக 1870-களில் ஜமைக்காவிலிருந்து விதை தருவித்துக் கடப்பாப் பகுதியில் ஊன்றினார்கள். இன்று திருச்சுழி, நரிக்குடி பக்கம் கண்மாயிலும் தரிசிலும் அதுதான் காடு. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே அகற்றச் சொன்னது. ஆனால் மழை பொய்த்த வருடங்களில் கரிமூட்டம் போட்டுப் பல குடும்பங்கள் கஞ்சி குடிப்பது அந்த மரத்தால்தான். மூட்டத்துக்கு ஆகாத சுள்ளி வீட்டு அடுப்புக்கு. காசு கிடையாது, முள் குத்தாமல் வெட்டிக் கட்டத் தெரிந்தால் போதும்.

மறுபக்கம் சிலிண்டர். அடுப்புக்குப் பஞ்சமில்லை. 2006-ல் ஆட்சிக்கு வந்த திமுக இலவச எரிவாயு அடுப்பு கொடுத்தது. 2016-ல் மத்திய அரசின் உஜ்வாலா எரிவாயு இணைப்புத் திட்டம் வந்தது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் ஐந்தில் நான்கு வீடுகளுக்கு மேல் தூய எரிபொருளில் சமைக்கின்றன. பிரதானமாக எதில் சமைக்கிறீர்கள் என்பதுதான் ஆய்வின் கேள்வி. வெந்நீருக்குக் கொல்லையில் புகையும் இரண்டாவது அடுப்பு அந்தக் கணக்கில் வராது.

சிவகாசி வட்டாரத்தைப் பாருங்கள். பட்டாசு ஆலைக்குப் போகும் பெண்ணுக்குக் காலையிலேயே வேன் வந்துவிடும். ஊதுகுழலோடு உட்கார நேரமேது? அங்கே கேஸ் முகாம் போடாமலே நுழைந்துவிட்டது. நேரத்துக்குக் கூலி கிடைக்கும் இடத்தில் புகைக்கு மதிப்பில்லை. தீபாவளி முடிந்து ஆலைகள் அடைபடும் வாரங்களில் அதே வீட்டில் விறகு திரும்ப எரிந்தால் வியப்பதற்கு என்ன இருக்கிறது?

புகையின் கேட்டைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. வீட்டுப் புகையால் 2020-ல் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. ஆனால் சம்பளமோ வாரக் கணக்கில் வருகிறது, 14.2 கிலோ சிலிண்டருக்கோ ஒரே தவணையில் முழுப் பணம். 2023 மார்ச்சில் அது ரூ.1,100-ஐத் தாண்டியிருந்தது. பிறகு விலை குறைந்தது, அதே ஆண்டு அக்டோபரில் உஜ்வாலா மானியமும் ரூ.300 ஆனது. அந்த 300 ரூபாயும் சிலிண்டருக்குப் பணம் கட்டிய பிறகுதான் வங்கிக்கு வரும். சீட்டும் மளிகைக் கடனும் போக மிஞ்சும் காசில் முழுத் தொகைக்கு எங்கே போவது?

மொத்தமாக வாங்க முடியாதவருக்குச் சிறிதாக விற்கும் ஷாம்பு பாக்கெட் கடலூரில் பிறந்த யோசனை. கேஸுக்கும் அதே வழிதான். 5 கிலோ சிலிண்டர் உஜ்வாலாவிலேயே இருக்கிறது. மானியத்தைக் கழித்த விலையில், சம்பள நாள் மாலையில், ஊர் ரேஷன் கடையிலேயே அதைக் கொடுக்கட்டும். ஆலைகள் மூடியிருக்கும் வாரங்களுக்கான சிலிண்டரைத் தொழிலாளர் நல வாரியம் ஏற்றுக்கொள்ளலாம். முகாம்களுக்கான பந்தல் செலவை இதற்குத் திருப்பினாலே ஒரு தொடக்கம் ஆகும்.