சிறு ஏரி தந்த பயிற்சி

 

சாதாரண தரப் பரீட்சை எழுதிய மாணவன் ஒருவன் அண்மையில் என்னிடம் வந்தான். "கொழும்புக்குப் போய்ப் படிக்க வாப்பா விடுகிறார் இல்லை, ஹஸரத். இந்தச் சின்ன ஊரில் இருந்தால் நான் கிணற்றுத் தவளைதானே?" என்று குறைப்பட்டான். அவனுக்கு நான் ஒரு பாய்மரப் படகோட்டியின் வரலாற்றைச் சொன்னேன்.

அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்துக்குச் சமுத்திரக் கரை கிடையாது. அங்கே 1930ஆம் ஆண்டு பிறந்தவர் படி மெல்ஜஸ். டெலவன், ஜெனீவா எனும் உள்நாட்டு ஏரிகளே அவரது பயிற்சிக் களம். அவர் 1964ஆம் ஆண்டின் டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் பெற்றார். 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கின் படகோட்டம் கீல் நகரக் கடலில் நடந்தபோது தங்கம் வென்றார். 1992இல் 'அமெரிக்காக் கிண்ணம்' வென்ற படகின் சுக்கானைப் பிடித்தவர்களில் அவரும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 62! 2023இல் அவர் காலமானார்.

ஏரியில் அப்படி என்ன இருக்கிறது? கடற்காற்று பெரும்பாலும் ஒரே சீராக வீசும். ஏரிக் காற்றோ மரங்களிலும் மேடுகளிலும் கட்டடங்களிலும் மோதி நிமிடத்துக்கு நிமிடம் திசை மாறும். பாய்மரப் படகு காற்றுக்கு நேர் எதிரே செல்லாது. சுமார் 45 பாகை சரிந்து, வலமும் இடமுமாக வளைந்து வளைந்துதான் முன்னேற வேண்டும். காற்றின் சிறு மாற்றத்தை உடனே உணர்ந்து படகைத் திருப்புபவன் முந்துகிறான். உணராதவன் பின்தங்குகிறான். நீர்ப் பரப்பில் கறுத்த சிற்றலைகள் நெருங்கி வந்தால் பலத்த காற்று வருகிறது என்று பொருள். ஏரியில் பழகியவனின் கண் அதை முன்கூட்டியே கண்டுவிடும். காற்று ஓய்ந்த வேளையில் சிறு படகில் உடலை அசைக்காமல் அமர்ந்திருக்கவும் அவன் கற்றிருப்பான். அவசரப்பட்டு அசைந்தால் உள்ள வேகமும் போய்விடும்.

இன்னொன்று, ஏரியில் தூரம் குறைவு. எனவே திருப்பங்கள் அதிகம். கடலில் ஓரிரு முறை சுற்றும் மிதவையை ஏரியில் அதே நேரத்துக்குள் பல முறை சுற்ற வேண்டும். அங்கேதான் படகுகள் நெருங்கும், தவறுகளும் நடக்கும். இவ்விளையாட்டின் சட்டம் என்னைக் கவர்ந்தது. மிதவையில் படகு பட்டுவிட்டால், நடுவர் காணாவிட்டாலும், ஓட்டுபவன் தானாகவே ஒரு முழு வட்டம் சுற்றித் தண்டனையை ஏற்க வேண்டும். அதற்குள் பிந்தி வந்தவர்கள் முந்திவிடுவார்கள். ஆனாலும் சுற்ற வேண்டும். மனிதர் எவரும் பார்க்காத இடத்தில் நேர்மையாக நடப்பது! நாம் தக்வா என்று மேடையில் பேசுவது வேறென்ன? பரீட்சை மண்டபத்திலும் கடைத் தராசிலும் நம்மில் எத்தனை பேர் அந்த வட்டத்தைச் சுற்றுகிறோம்?

மாணவன் விடவில்லை. "அப்படியென்றால் கடலுக்கே போகக் கூடாதா, ஹஸரத்?" என்றான். நல்ல கேள்வி. பேரலையையும் வற்றுப் பெருக்கையும் நீரோட்டத்தையும் ஏரி கற்றுத் தராது. அவற்றைக் கடலில்தான் கற்க வேண்டும். மெல்ஜஸும் கடலுக்குப் போய்த்தான் பதக்கம் வென்றார். ஆனால் ஒழுங்கு ஒன்று உண்டு. நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியதை இப்னு உமர் (ரழி) அறிவிக்கிறார்கள். பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யதுல் வதாஃ வரை ஐந்தாறு மைல் தூரம். பயிற்சி பெறாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஏறக்குறைய ஒரு மைல் மட்டுமே. இது புகாரியில் பதிவாகியுள்ளது. பயிலாத குதிரையைப் போட்டியிலிருந்து ஒதுக்கவுமில்லை, நெடுந்தூரம் ஓட வைத்து வருத்தவுமில்லை.

ஆகவே இளைஞர்களே! உங்கள் ஊர்ப் பாடசாலையும் சிறு நூலகமும் உங்களது ஏரி. அங்குள்ள காற்றையே படிக்கத் தெரியாதவனுக்குக் கொழும்புக் காற்று மட்டும் கைகொடுக்குமா? பெற்றோரே! உங்களுக்கும் ஒரு வார்த்தை. பயிற்சி முடிந்த குதிரையை ஒரு மைலிலேயே கட்டி வைப்பதும் அநீதிதான். பிள்ளை தேறிவிட்டால் துஆச் செய்து அனுப்பி வையுங்கள்.

காற்றை அசைப்பவனும் நிறுத்துபவனும் அல்லாஹ். கடலில் செல்லும் கப்பல்களைப் பற்றிப் பேசும் அஷ்ஷூரா அத்தியாயம், பொறுமையும் நன்றியும் உள்ளவர்களுக்கு அதில் அத்தாட்சிகள் இருப்பதாக உணர்த்துகிறது. பாயைச் சரியாகப் பிடிப்பது மட்டுமே நமது வேலை.

அந்த மாணவன் உயர்தரத்தின் முதல் வருடத்தை ஊரிலேயே படிக்க ஒப்புக்கொண்டான். அடுத்த வருடம் பெறுபேற்றைப் பார்த்து முடிவு செய்வதாக அவன் வாப்பாவும் வாக்களித்திருக்கிறார். இருவரும் தம் வாக்கைக் காக்க வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக. ஆமீன்.