சைக்கிள் சலுகை ஆருக்கு?

தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம், ரியூசன், சந்தை எல்லாத்துக்கும் சைக்கிள்தான். அதே ஆட்கள் இன்று லண்டனில் அரை மைல் தள்ளியிருக்கும் தமிழ்க் கடைக்கும் காரில்தான் போகிறோம்.

"நான் பெரிய குண்டில்லையே" என்று ஆறுதல்பட முடியாது. உடல் நிறைச் சுட்டெண் வெள்ளையர்களுக்கு 25 என்றால், தெற்காசியர்களான எங்களுக்கு 23 இலேயே அதிக நிறை என்று கணக்கெடுக்கிறார்கள். காரணம் நீரிழிவு.

ஜிம்முக்குக் காசைக் கட்டிப்போட்டுப் போகாமல் விடுவதைவிட, வேலைக்குச் சைக்கிளில் போகலாம். போக 15 நிமிடம், வர 15 நிமிடம் என்றால், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 150 நிமிடம் 5 நாளில் சரி. (வந்து கொத்துரொட்டி சாப்பிட்டால் நிறை குறையாது, அது வேறு கதை.)

சைக்கிள் வாங்க, வரிக்கு முந்திய சம்பளத்தில் கழிக்கும் திட்டம் பிரித்தானியாவில் 1999 முதல் இருக்கிறது. ஆனால் கழித்த பிறகு சம்பளம் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக்கூடாது என்பது விதி. ஆகவே பெற்றோல் நிலையத்திலும் கடையிலும் அந்தக் கூலிக்கு நிற்கும் எங்கட ஆட்களுக்கு அது இல்லை. சொந்தமாகக் கடை நடத்துபவருக்கும் பெரும்பாலும் இல்லை. நல்ல சம்பளக்காரருக்கே சலுகை! வாக்குக் கேட்டு வாசலுக்கு வருபவர்களிடம் இதையும் கேளுங்கோ.