டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள்!

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக் கொள்வோம். ராத்திரி புழுக்கம் தாங்காமல் தரையில் பாய் விரித்துப் படுத்த மனுஷரைக் கட்டுவிரியன் கடித்து விடுகிறது. விடியும் நேரத்தில் கண் இமை தொங்குகிறது, பேச்சு குழறுகிறது. 108-ல் ஏற்றி, மஞ்சவாடி கணவாய் வழியாக சேலத்துக்கு ஓடுகிறார்கள். விஷமுறிவு ஊசி போட்டாச்சு. மூச்சுக்கு வென்டிலேட்டரும் வைத்தாச்சு. 'பொழைச்சுக்குவார்மா' என்று டாக்டர் சொன்னதும், ஐ.சி.யூ. வாசலில் நின்ற மனைவிக்குப் போன உயிர் திரும்பி வருகிறது.

நாலாம் நாள் காய்ச்சல். சளி மஞ்சளாகிறது. 'நிமோனியா' என்கிறார்கள். பாம்பிடம் தப்பியவருக்குச் சளியில் கண்டமா? இதை முன்கூட்டியே சொல்லியிருக்கக் கூடாதா?

ஓரளவு சொல்லலாம். இதில் ஜோசியம் எதுவும் இல்லை, கணக்குத்தான்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்து 48 மணி நேரத்துக்குப் பிறகு வருகிற நிமோனியாவை, ஆஸ்பத்திரியில் தொற்றியது என்று கணக்கு வைப்பார்கள். வென்டிலேட்டர் குழாய் தொண்டைக்குள் போனதும், இருமல் என்கிற வாட்ச்மேனுக்கு லீவு! வாயில் ஊறுகிற எச்சில், கிருமியோடு சேர்ந்து குழாயின் ஓரமாகவே கசிந்து நுரையீரலுக்கு இறங்கி விடுகிறது. 1998-ல் கனடாவில் நடந்த ஓர் ஆய்வில், வென்டிலேட்டரில் இருப்பவர்களில் ஐந்தாம் நாளையொட்டி தினமும் 100-க்கு சுமார் 3 பேருக்கு இந்த ஆபத்து. பத்தாம் நாள் அது 2 ஆகக் குறைகிறது, பதினைந்தாம் நாள் 1. ஆக, முதல் வாரம்தான் கண்டம்.

எல்லோருக்கும் ஒரே அளவு ஆபத்தும் இல்லை. நினைவில்லாமல் கிடப்பவர், வாந்தி புரை ஏறியவர், ஏற்கெனவே நுரையீரல் நோய் உள்ளவர், குழாயை எடுத்த பிறகு மறுபடி போட நேர்ந்தவர்... இவர்களுக்கெல்லாம் கூடுதல். இதையெல்லாம் கூட்டிக் கழித்துச் சொல்ல இப்போது கம்ப்யூட்டர் கணக்குகள்கூட வந்து விட்டன.

என் ஆதங்கம் இங்கேதான். கணக்கில் பாதி, கேஸ் ஷீட்டில் இருக்காது. வாசலில் நிற்கிற உங்களிடம்தான் இருக்கும்! அவர் பீடி பிடிப்பவரா? அம்மா முப்பது வருஷம் விறகடுப்புப் புகையில் சமைத்து இளைப்பு வந்தவரா? கொண்டு வரும் வழியில் வாந்தி எடுத்தாரா? போன மாதம் வேறெங்காவது படுத்து, நரம்பில் ஆன்டிபயாடிக் ஏற்றிக் கொண்டாரா? கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். மூன்று மாதத்துக்குள் அப்படி ஏற்றியிருந்தால், இப்போது வருகிற கிருமி சாதாரண மருந்துக்கு அடங்காத ரகமாக இருக்க வாய்ப்பு கூடுகிறது. எந்த மருந்தில் தொடங்குவது என்பதே அதனால் மாறலாம். எழுதாததைக் கம்ப்யூட்டர் எப்படிங்க கண்டுபிடிக்கும்?

முதல் நாளே இதைக் கேட்டு எழுதுவதை ஒவ்வொரு ஐ.சி.யூ.வும் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கட்சி. 'நேரமே இல்லீங்க' என்பார்கள். ஒரே நர்ஸ் எத்தனை கட்டிலைத்தான் பார்ப்பார், பாவம்! ஆனால் ஆபத்து அதிகம் என்று தெரிந்துவிட்டால், செய்ய வேண்டியதில் பாதிக்குக் காசே ஆகாது. 1999-ல் பார்சிலோனாவில் வென்டிலேட்டரில் இருந்த 86 பேரை வைத்துப் பார்த்தார்கள். மல்லாந்து படுத்திருந்த 47 பேரில் 16 பேருக்கு நிமோனியா அறிகுறி. கட்டிலின் தலைப்பக்கத்தை 45 டிகிரி உயர்த்திய 39 பேரில் வெறும் 3 பேருக்கு! கட்டிலைத் தூக்க எந்த ஸ்பெஷலிஸ்ட் வர வேண்டும், சொல்லுங்கள்? தினமும் பிரஷ்ஷால் பல் துலக்கி விடுவதும் நிமோனியாவைக் குறைக்கிறது என்று 2023-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொன்னார்கள். 'இன்னைக்கு மயக்க மருந்தைக் குறைச்சுப் பார்க்கலாமா, குழாயை எடுக்கலாமா?' என்று தினம் காலையில் யோசிப்பதும் அப்படித்தான்.

நீங்களாகக் கட்டிலைச் சுழற்றி விடாதீர்கள். முதுகெலும்பில் அடிபட்டவருக்கு அது ஆகாது. 'தலைப்பக்கம் உயர்த்தலாமா சிஸ்டர்?' என்று கேளுங்கள், போதும். உள்ளே போகும் முன்னும் வந்த பின்னும் கையைக் கழுவுங்கள். வாய் உலர்ந்து கிடக்கிறதே என்று ஒரு ஸ்பூன் தீர்த்தமோ இளநீரோ விடுகிறவர்கள் இருக்கிறார்கள். பாசம்தான், ஆனால் அது நேராக நுரையீரலுக்குப் போகும்.

பழைய மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டு, ஆம்புலன்ஸிலேயே எடுத்துப் போங்கள். பீடிக் கணக்கை மறைக்க வேண்டாம். மாமனார் பக்கத்தில் நிற்கிறாரே என்று கூச்சமாக இருந்தால், நர்ஸைத் தனியே கூப்பிட்டுச் சொல்லி விடுங்கள்.