தகப்பன் உயிரோடு இருக்கிறான். பிள்ளை ஜகாத் வரிசையில்!



எந்த ஊர் ஜமாஅத்தின் பீரோவைத் திறந்தாலும் அந்தக் காகிதங்கள் கிடைக்கும். இன்ன தேதியில் இன்னாருக்கும் இன்னாருக்கும் தலாக் ஆகிவிட்டது, அல்லது குலா ஆகிவிட்டது. மஹர் இவ்வளவு, நகை இவ்வளவு, சீர்சாமான் இன்னின்ன திருப்பிக் கொடுக்கப்பட்டது. இனிமேல் ஒருவர்மேல் ஒருவருக்கு எந்தப் பாத்தியதையும் கிடையாது. கீழே இரண்டு தரப்புக் கையெழுத்து, சாட்சிகள், ஜமாஅத் முத்திரை. பிரச்சனை முடிந்தது என்று நிர்வாகிகள் எழுந்து அஸர் தொழப் போய்விடுகிறார்கள்.

கட்டில் திரும்பியது. மெத்தை திரும்பியது. பித்தளை அண்டாகூடத் திரும்பியது. எல்லாவற்றையும் எண்ணி எண்ணி எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் இடுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பற்றி அந்தக் காகிதத்தில் எத்தனை வரி? தேடிப் பாருங்கள். இருந்தால், 'குழந்தை தாயிடம் இருக்கும்' என்பதோடு நின்றிருக்கும். அதற்கு யார் சோறு போடுவது, பள்ளிக்கூடத்துக்கு யார் பணம் கட்டுவது, காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்கு யார் கொடுப்பது என்று ஒரு வார்த்தை இருக்காது. அண்டாவுக்குக் கிடைத்த மரியாதை பிள்ளைக்குக் கிடைக்கவில்லை!

அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதுகூட ஆகியிருக்காது. பிளஸ் டூ முடித்த கையோடு நிக்காஹ். இரண்டு வருடத்தில் தாய் வீட்டு வாசலில் பிள்ளையோடு நிற்கிறாள். பெண்ணைக் கட்டிக் கொடுக்க வாங்கிய கடனையே அடைக்க முடியாத தகப்பனார் பேரப்பிள்ளைக்கும் பால் வாங்க வேண்டும். அண்ணன் கொஞ்ச நாள் கொடுப்பான். அண்ணன் மனைவி கொஞ்ச நாள் பொறுப்பாள். அதற்குப் பிறகு? தையல் மிஷின், பாத்திரம் தேய்க்கும் வேலை, ரமளான் வந்தால் ஜகாத் வரிசை.

வியாபாரிகளே, உங்கள் கடை வாசலில் அந்த வரிசையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஐநூறு ரூபாயும் ஒரு சேலையும் கொடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். அல்லாஹ் உங்கள் ஜகாத்தை ஏற்றுக் கொள்வானாக! ஆனால் ஒரு கேள்வி. அவள் கையைப் பிடித்து நிற்கும் அந்தப் பிள்ளை எத்தீமா? தகப்பன் மவுத்தாகிவிட்டானா? இல்லை. அவன் மண்ணடியில் ஒரு கடையில் நிற்கிறான். பெங்களூர் மார்க்கெட்டில் இருக்கிறான். துபாயிலோ குவைத்திலோ மாதச் சம்பளம் வாங்குகிறான். தாய்க்கு மாதாமாதம் பணம் வருகிறது. தங்கை நிக்காஹுக்கு நகை வந்தது. பெற்ற பிள்ளைக்கு மட்டும் வரவில்லை. 'ஆளைக் காணோம், தொடர்பே இல்லை' என்று அவன் வீட்டார் ஜமாஅத்தில் வந்து சொல்கிறார்கள். ஆனால் அவனோடு நேற்று இரவு செல்போனில் பேசிய நண்பர்கள் நமது ஊரிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள்! காணாமல் போனவன் அவளுக்கு மட்டும்தான் காணாமல் போயிருக்கிறான்.

இதில் மார்க்கம் என்ன சொல்கிறது என்று தேடி அலைய வேண்டியதில்லை. திருக்குர்ஆனின் 2:233 வசனம் பாலூட்டும் தாய்க்கு உணவும் உடையும் கொடுக்கும் பொறுப்பைத் தகப்பன்மீது சுமத்துகிறது. 65-வது அத்தியாயத்தின் 6, 7 வசனங்கள் தலாக் பற்றியே பேசுகின்றன. பிரிந்து போனவள் உங்கள் குழந்தைக்குப் பாலூட்டினால் அதற்குரிய ஊதியத்தை அவளுக்குக் கொடுங்கள் என்றும், வசதியுள்ளவன் தன் வசதிக்கேற்பவும் வசதி குறைந்தவன் தனக்குக் கிடைத்ததற்கேற்பவும் செலவிட வேண்டும் என்றும் கட்டளை வருகிறது. வசதி குறைந்தவனுக்கும் விலக்கு இல்லை என்பதைக் கவனியுங்கள். தொகைதான் குறையும், பொறுப்பு குறையாது.

ஹிந்த் (ரலி) அவர்களின் சம்பவம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கணவர் அபூசுஃப்யான் குறைஷிகளின் தலைவராக இருந்தவர், பெரிய வியாபாரி. எனக்கும் என் பிள்ளைகளுக்கும் போதுமானதைத் தர மறுக்கிறார் என்று ஹிந்த் (ரலி) நபி (ஸல்) அவர்களிடம் நேரடியாக வந்து முறையிட்டார்கள். 'ஊர்த் தலைவரைப் பற்றி வெளியே பேசலாமா? பொறுமையாக இரு' என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்களா? இல்லையே! உனக்கும் பிள்ளைகளுக்கும் போதுமான அளவை, நியாயமான முறையில், அவர் பொருளிலிருந்து எடுத்துக் கொள் என்று தீர்ப்புச் சொன்னார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியிருக்கிறது. கணவருக்குத் தெரியாமலே எடுத்துக் கொள்ள அனுமதிக்கும் அளவுக்கு அது பிள்ளைகளின் உரிமை. இன்று ஒரு பெண் அதே உரிமையைக் கேட்டுப் பஞ்சாயத்துக்கு வந்தால், 'வாய்க்காரி, அதனால்தான் வாழவில்லை' என்று முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். கோர்ட்டுக்குப் போனால் 'ஊர் மானத்தை வாங்கிவிட்டாள்' என்கிறார்கள். அவன் பிள்ளையைப் பட்டினி போட்டபோது போகாத மானமா இது?

குலா என்ற பெயரில் நடக்கும் பேரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவன் தலாக்கும் சொல்லமாட்டான், சேர்ந்தும் வாழமாட்டான். பெண் வீட்டார் அலுத்துப்போய் குலா கேட்கிறார்கள். உடனே நிபந்தனை வருகிறது: 'பிள்ளைச் செலவு கேட்கமாட்டேன் என்று எழுதிக் கொடு.' விடுதலை கிடைத்தால் போதும் என்று அவளும் கையெழுத்துப் போடுகிறாள். ஸாபித் பின் கைஸ் (ரலி) அவர்களின் மனைவி பிரிந்து செல்லக் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் மஹராகப் பெற்ற தோட்டத்தைத்தான் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். மஹர் அவளுடையது. அவளுடையதை அவள் விட்டுக் கொடுக்கலாம். பிள்ளையின் சோறு அவளுடைய சொத்தா, விட்டுக் கொடுப்பதற்கு? அடுத்தவர் அமானிதத்தை விற்று வாங்கும் விடுதலைக்கு நான்கு ஜமாஅத்தார் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறார்கள்! நாட்டின் நீதிமன்றங்களும் இந்தக் கையெழுத்தை மதிப்பதில்லை. குழந்தையின் ஜீவனாம்ச உரிமையைத் தாய் எழுதிக் கொடுத்துத் தீர்த்துவிட முடியாது. எனவே அப்படி எழுதிக் கொடுத்துவிட்டோமே என்று வீட்டில் முடங்கியிருக்கும் சகோதரிகள் இதைத் தெரிந்து கொள்ளட்டும்: அந்தக் காகிதம் பிள்ளையைக் கட்டுப்படுத்தாது.

சட்டம் என்றதும் நமது ஆட்களுக்கு ஷாபானு வழக்குத்தான் ஞாபகத்துக்கு வரும். 1985-ல் தீர்ப்பு, நாடெங்கும் போராட்டம், 1986-ல் தனிச் சட்டம். விவாகரத்தான மனைவியைப் பற்றிய வாதம் அது. அந்தச் சட்டத்தில் குழந்தைக்குப் பிறந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்கான செலவு என்று ஒரு பிரிவு இருந்தது. அதைப் பிடித்துக் கொண்டு, இரண்டு வயது முடிந்தால் தகப்பன் கடமை முடிந்தது என்று கோர்ட்டில் வாதாடியவர்களும் நமது சமுதாயத்தில்தான் இருந்தார்கள். இரண்டு வருடம் என்பது பால்குடி காலம். பால் மறந்த பிள்ளைக்கு வயிறு இருக்காதா?

இந்த வாதத்துக்கு 1997-லேயே உச்ச நீதிமன்றம் முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. நூர் சபா காத்தூன் வழக்கு. மைனர் பிள்ளைகளைக் காப்பாற்றும் பொறுப்பு, வசதியுள்ள முஸ்லிம் தகப்பனுக்கு ஷரீஅத் படியும் உண்டு, பொதுச் சட்டப்படியும் உண்டு. பிள்ளைகள் விவாகரத்தான தாயிடம் வளர்ந்தாலும் அது மாறாது. பருவமடையாத பிள்ளைகளுக்கு மேஜராகும் வரை, பெண் பிள்ளைக்குத் திருமணம் வரை என்பது அந்தத் தீர்ப்பு. ஷரீஅத்தைக் காட்டித் தப்பிக்கப் பார்த்தவனுக்கு நீதிமன்றம் ஷரீஅத்தையே எடுத்துக் காட்டியது. யார் வெட்கப்பட வேண்டும்? பிறகு 2024 ஜூலை 10-ல் வந்த தீர்ப்பு, விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் 125-வது பிரிவின்கீழ் ஜீவனாம்சம் கேட்கலாம் என்றது. அதைப் பற்றி உலமாக்களிடையே பேச்சு நடக்கிறது, நடக்கட்டும். அது மனைவியின் விஷயம். பிள்ளையின் விஷயத்தில் பேசுவதற்கு எதுவும் இல்லை. (2019-ன் முத்தலாக் சட்டத்தைக் கொண்டு வந்தவர்களின் நோக்கத்தை நாம் அன்றே கேள்வி கேட்டோம். தகப்பனை மூன்று வருடம் உள்ளே வைத்தால் பிள்ளைக்கு யார் சம்பாதிப்பது என்ற கேள்வி இன்றும் நிற்கிறது.)

பணம் கேட்டால் வரும் பதில்களைப் பாருங்கள். 'பிள்ளையை என்னிடம் கொடுக்கச் சொல்லுங்கள், நான் வளர்க்கிறேன்.' பிள்ளை பிறந்த அன்று பார்க்க வராதவன் சொல்கிறான் இதை! தாய் மறுமணம் செய்யாத வரை அவளுக்கே குழந்தையை வைத்துக் கொள்ளும் முன்னுரிமை என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தது அபூதாவூதில் இருக்கிறது. வளர்ப்பது அவள், செலவு அவன். 'அவள்தான் வேலைக்குப் போகிறாளே' என்பது அடுத்த பதில். அவள் போவதே இவன் கொடுக்காததால். 'எனக்கு வருமானம் இல்லை.' கை கால் நன்றாக உள்ளவன் உழைத்துக் கொடுக்க வேண்டும் என்றுதான் நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. இரண்டாவது நிக்காஹுக்கு மட்டும் வருமானம் எங்கிருந்து வந்தது?

இளைஞர்களே, உங்களுக்கு வேலை இருக்கிறது. முழக்கம் போடும் வேலை அல்ல. உங்கள் தெருவில் இப்படி ஒரு சகோதரி இருந்தால் அவர் தகப்பனாரையோ அண்ணனையோ பார்த்துப் பேசுங்கள். முதலில் ஜமாஅத்தில் எழுத்து மூலம் கேட்கச் சொல்லுங்கள், மாதம் இவ்வளவு என்று. இழுத்தடித்தால் காத்திருக்க வேண்டாம். பழைய 125-வது பிரிவுதான் 2024 ஜூலை 1 முதல் புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144-வது பிரிவாக இருக்கிறது. அந்தப் பெண் இப்போது குடியிருக்கும் ஊரின் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே மனுச் செய்யலாம். குடும்ப நீதிமன்றம் உள்ள இடத்தில் அங்கே. கணவன் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. மாதம் ஐநூறுக்கு மேல் கிடைக்காது என்று இன்னும் சில பெரியவர்கள் சொல்லிக் கொண்டிருக்கிறார்கள். அந்த உச்சவரம்பு 2001-லேயே போய்விட்டது. வழக்கு முடியும்வரை இடைக்கால உதவியும் கேட்கலாம். எதிர்த் தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்து இயன்றவரை 60 நாளுக்குள் அதை முடிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். 2020-ல் வந்த ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பின்படி, ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்காகும். இரு தரப்பும் வருமானம், சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பாராமலே இலவச சட்ட உதவி உண்டு. கோர்ட் வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்டால் போதும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். நிக்காஹ் தப்தர் நகல், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், அவன் முன்பு பணம் அனுப்பிய பேங்க் பாஸ்புக், பாஸ்போர்ட் விசா நகல், வேலை செய்யும் கம்பெனியின் பெயர், அவன் பெயரில் ஊரில் உள்ள வீடு, கடைப் பங்கு — கிடைத்ததையெல்லாம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். சபர் போனவனின் சம்பளம் கைக்கு எட்டாவிட்டாலும் ஊரிலுள்ள சொத்து எட்டும். நோட்டீஸ் வாங்காமல் வேண்டுமென்றே ஒளிந்தால் அவன் இல்லாமலே உத்தரவு போடலாம். உத்தரவுக்குப் பிறகும் கொடுக்காவிட்டால் வாரண்டு வரும். ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை. உள்ளே போய் வந்தாலும் பாக்கி கழியாது. ஆனால் பாக்கியை இப்படி வசூலிக்கக் கெடு உண்டு. பணம் சேர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனுக் கொடுத்தாக வேண்டும். 'நல்ல பேச்சுப் பேசுகிறார்கள், பார்க்கலாம்' என்று ஒரு பெருநாளுக்கும் அடுத்த பெருநாளுக்கும் நடுவில் காலத்தைக் கழித்துவிடாதீர்கள்.

முத்தவல்லிகளுக்கும் ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒன்று. வெளியூரில் நிக்காஹ் செய்ய வேண்டுமானால் மாப்பிள்ளை தன் மஹல்லாவின் கடிதத்தோடு போக வேண்டும் என்ற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. சந்தா பாக்கி இருந்தால் அந்தக் கடிதத்தை நிறுத்தி வைக்கத் தெரிகிறது. முதல் மனைவியின் பிள்ளைக்கு எத்தனை மாதப் பாக்கி என்று கேட்டு அதற்காக நிறுத்தி வைக்க ஏன் கூடாது? ஒரு மஹல்லா செய்தால் அடுத்த மஹல்லா செய்யும். பெண் கொடுக்கப் போகிற அந்த வெளியூர்த் தகப்பனாருக்கும் இது நன்மைதான்.

வியாபாரிகளே, உங்களிடம் கேட்பது இன்னும் எளிது. அவன் உங்கள் கடையில் வேலை செய்யலாம், அல்லது உங்கள் பங்காளியாக இருக்கலாம். சம்பளத்தைக் குறைத்துக் காட்டச் சொல்வான். பெயரைப் பேரேட்டிலிருந்து எடுத்துவிடச் சொல்வான். கோர்ட் ஆள் நோட்டீஸோடு வந்தால் 'அப்படி யாரும் இங்கே இல்லை' என்று சொல்லச் சொல்வான். கல்லாவில் உட்கார்ந்து கொண்டு அந்தப் பொய்யைச் சொல்லாதீர்கள். அவன் உள்ளேதான் இருக்கிறான் என்று சொல்லி, கூப்பிட்டுவிடுங்கள்.